கரியமில வாயு, ஒளி, 5 மில்லிகிராம் மஞ்சள் தூள்: வந்த மீத்தேன் யாருடையது?

மஞ்சள்தூள் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் படபடப்பாக இருப்பதால் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒளியைக் கொண்டு கரியமில வாயுவை எரிபொருளாக மாற்றும் கலப்பின ஒளிவினையூக்கிதான் தலைப்பு. யூரியாவை மூடிய பீங்கான் கிண்ணத்தில் 550 டிகிரியில் சுட்டுக் கார்பன் நைட்ரைடு என்ற குறைக்கடத்தித் தூளைச் செய்தேன் (எலுமிச்சை நிறத்தில் புசுபுசுவென்று வரும், பக்கத்தில் மூச்சு விட்டாலே பறக்கும்). அதன்மேல் ஒரு கோபால்ட் அணைவுச் சேர்மத்தை (உலோக அணுவைச் சுற்றிக் கரிம மூலக்கூறுகளைக் கட்டியது) ஏற்றினேன். 5 மில்லிகிராம் தூளைக் கரைசலில் கலக்கி, கரியமில வாயுவை அரை மணி நேரம் குமிழவிட்டு, குடுவையை மூடி, செனான் விளக்குக்கு முன்னால் நான்கு மணி நேரம் வைத்தேன். ஊசியால் வாயுவை எடுத்து ஜிசியில் (வாயுக்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகடு, அதாவது பீக், வரைந்து காட்டும் கருவி) செலுத்தினால் மீத்தேன் பீக் வந்து நிற்கிறது! பக்கத்தில் சின்னதாகக் கார்பன் மோனாக்சைடும். மீத்தேனுக்கு மட்டும் கணக்குப் போட்டால் கிராமுக்கு மணிக்கு 40 மைக்ரோமோல் வருகிறது.

இரண்டு கேள்வி. இது நல்ல எண்ணா? அப்புறம், கலப்பினம் எதற்கு, ஒரு குறைக்கடத்தியே ஏன் போதாது என்பது எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. எட்டு மாதம் கழித்து ஆய்வகத்தில் இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது.

செனான்விளக்கு

முதல் பீக் வந்த இரவு நானும் தூங்கவில்லை. எண்ணைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள் (பழையகுடுவை இன்னும் இந்த இழையைப் பார்க்கவில்லை போலிருக்கிறது, பார்த்தால் விடமாட்டார்). நான் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

குறைக்கடத்தியின் மேல் ஒளி விழுந்தால் எலக்ட்ரான் மேல் ஆற்றல் பட்டைக்கு ஏறுகிறது, கீழே ஒரு துளை மிஞ்சுகிறது. விட்டால் இரண்டும் மறுபடி சேர்ந்துகொள்ளும். அதற்குள் எலக்ட்ரானைப் பிடித்துக் கரியமில வாயுவிடம் ஒப்படைத்தால் நமக்கு ஆதாயம், இல்லாவிட்டால் அத்தனையும் வெறும் சூடு. 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையை வைத்து ஒளியால் நீரைப் பிரித்தார்கள். 1979இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இருந்த குழுவே டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, காட்மியம் சல்ஃபைடு போன்ற தூள்களை நீரில் கலக்கி, கரியமில வாயுவிலிருந்து ஃபார்மிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு, மெத்தனால் எல்லாம் வருவதாக எழுதியது. எல்லாம் கலந்து வருகிறதே, அதுதான் தொல்லை. தூளின் மேற்பரப்புக்கு ஆள் பார்த்துக் கொடுக்கத் தெரியாது. கையில் உள்ள எலக்ட்ரானில் பெரும்பகுதியை நீரில் இருக்கும் புரோட்டானிடம் கொடுத்து ஹைட்ரஜன் ஆக்கிவிடும். போதாக்குறைக்கு டைட்டானியம் டை ஆக்சைடின் பட்டை இடைவெளி, அதாவது எலக்ட்ரான் தாண்ட வேண்டிய உயரம், 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதாவது 387 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதாதான் அதற்கு ஒளி, சூரிய வெளிச்சத்தில் அது 5 சதவீதம்கூட வராது.

இன்னொரு பக்கம் மூலக்கூறுக்காரர்கள். 1983இல் லேன் குழு ஒரு ரீனியம் அணைவுச் சேர்மத்தைக் கரைசலில் போட்டு ஒளி காட்டியது, வந்ததெல்லாம் கிட்டத்தட்ட கார்பன் மோனாக்சைடு மட்டும்தான். உலோக அணுவைச் சுற்றி எதைக் கட்டுகிறோமோ அதற்கேற்ப விளைபொருளை மாற்றலாம், அவ்வளவு கைத்திறன். ஆனால் உடம்பு நோஞ்சான். ஒளியிலேயே சிதையும், நீரிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் தெம்பும் அதற்குக் கிடையாது.

இரண்டையும் ஒட்டினால், ஒளி பிடித்துச் சுமக்கும் வேலை தூளுக்கு, வாயுவைப் பிடித்து உடைக்கும் நுண்வேலை மூலக்கூறுக்கு. ஒட்டுவதற்குப் பாஸ்போனேட் கொக்கி, கார்பாக்சிலேட் கொக்கி என்று பல உண்டு. கார்பாக்சிலேட் காரக் கரைசலில் கழன்றுவிடும், அதில் நான் மூன்று மாதம் இழந்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை

வோல்ட் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள், உங்கள் தூளின் கஷ்டம் புரியும். கரியமில வாயு நேர்கோட்டு மூலக்கூறு. அதில் ஒற்றை எலக்ட்ரானைத் திணிக்க வேண்டுமென்றால் அதை வளைக்க வேண்டும், அதற்கு -1.90 வோல்ட் ஆகும் (நடுநிலை நீரில், ஹைட்ரஜன் மின்முனையோடு ஒப்பிட்டு). சாதாரணத் தூளால் ஆகாத காரியம். ஆனால் புரோட்டானும் எலக்ட்ரானும் சேர்ந்தே போனால் வாசல் தாழ்கிறது: ஃபார்மிக் அமிலத்துக்கு -0.61, கார்பன் மோனாக்சைடுக்கு -0.53, மெத்தனாலுக்கு -0.38, மீத்தேனுக்கு வெறும் -0.24.

இதைப் பார்த்தால் மீத்தேன்தான் சுலபம் என்று தோன்றும். ஆனால் அதற்கு எட்டு எலக்ட்ரான் வேண்டும், ஒரு ஒளித்துகள் ஒரு எலக்ட்ரானைத்தான் ஏற்றும். ஒன்று வந்து இரண்டாவது வரும் வரை முதலாவது காத்திருக்க வேண்டும், மூன்றாவதுக்கு இரண்டும் காத்திருக்க வேண்டும்... எட்டு வரை. ஹைட்ரஜனுக்கு -0.41 வோல்ட், இரண்டே எலக்ட்ரான். பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு போகும்.

பழையகுடுவை

மூன்று கேள்வி. ஒளி இல்லாமல் ஓட்டினீர்களா? தூள் இல்லாமல் ஓட்டினீர்களா? கரியமில வாயுவுக்குப் பதில் ஆர்கான் விட்டு ஓட்டினீர்களா?

மஞ்சள்தூள்

முதல் இரண்டும் செய்தேன் ஐயா, ஒன்றும் வரவில்லை. ஆர்கான் செய்யவில்லை. கரியமில வாயு இல்லாவிட்டால் எதிலிருந்து மீத்தேன் வரப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று, மேலே எழுத மறந்துவிட்டேன். கரைசல் வெறும் நீர் இல்லை. நீர், அசிட்டோநைட்ரைல், பத்தில் ஒரு பங்கு ட்ரைஎத்தனோலமைன்.

பழையகுடுவை

அதை முதலில் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குடுவையில் இப்போது கார்பன் எங்கெல்லாம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கரியமில வாயு, அசிட்டோநைட்ரைல், ட்ரைஎத்தனோலமைன், அணைவுச் சேர்மத்தின் கரிமக் கைகள், கார்பன் நைட்ரைடு. கடைசியாகச் சொன்னதன் பெயரிலேயே கார்பன் இருக்கிறது. மூடியில் கிரீஸ் தடவினீர்களா? அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒளி இல்லாவிட்டால் இவை எதுவுமே உடையாது. தூள் இல்லாவிட்டாலும் உடையாது. ஆகவே நீங்கள் செய்த இரண்டு சோதனையும் இந்த ஆட்களில் ஒருவரைக்கூட விசாரிக்கவில்லை.

ஒற்றை உலோக அணு கொண்ட அணைவுச் சேர்மங்கள் பெரும்பாலும் இரண்டு எலக்ட்ரானோடு, அதாவது கார்பன் மோனாக்சைடோடோ ஃபார்மேட்டோடோ (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு வடிவம்) நிறுத்திக்கொள்ளும். 2017இல் இரும்பு பார்ஃபிரின் என்ற ஒரு அணைவுச் சேர்மம் மீத்தேன் வரை போனது பெரிய செய்தியானதே அதனால்தான். உங்கள் கோபால்ட் முதல் நாளே மீத்தேனைப் பெரிதாகவும் கார்பன் மோனாக்சைடைச் சிறிதாகவும் கொடுக்கிறது என்றால் எனக்கு மூக்கு வேர்க்கிறது.

கணக்குப்பிள்ளை

அவர் சொன்னதை எண்ணில் வைக்கிறேன். கிராமுக்கு மணிக்கு 40 மைக்ரோமோல் என்பது கேட்கப் பெரிதாக இருக்கிறது. உங்களிடம் இருந்தது 5 மில்லிகிராம், நான்கு மணி நேரம். ஆக உண்மையில் குடுவையில் வந்தது 0.8 மைக்ரோமோல். அதில் உள்ள கார்பன் கிட்டத்தட்ட 10 மைக்ரோகிராம். உங்கள் தூளிலேயே எடையில் 39 சதவீதம் கார்பன், 5 மில்லிகிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம். அதில் இருநூறில் ஒரு பங்கு பிய்ந்து வந்தாலே உங்கள் மீத்தேன் மொத்தமும் தயார். கரைசலில் இருக்கும் கார்பனை நான் இன்னும் தொடவே இல்லை.

இந்த 'கிராமுக்கு' என்ற அலகையே நான் வெறுக்கிறேன். தூளைப் பாதியாகக் குறைத்தால் ஒளி பிடிப்பது பாதியாகக் குறையாது, ஆனால் வகுக்கும் எண் பாதியாகிவிடும், எண் வீங்கிவிடும். எத்தனை ஒளித்துகள் உள்ளே போயின, எத்தனை எலக்ட்ரான் விளைபொருளில் போய்ச் சேர்ந்தது என்று குவாண்டம் ஈட்டாகச் சொல்லுங்கள். அதில் ஏமாற்ற முடியாது என்று சொல்லமாட்டேன், ஆனால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

செனான்விளக்கு

பையனை ரொம்ப மிரட்டாதீர்கள். ட்ரைஎத்தனோலமைன் போடாதவர் இந்தத் துறையில் யார்?

பழையகுடுவை

போடலாம், தப்பே இல்லை. எந்த எலக்ட்ரான் எங்கே போகிறது என்று பார்க்க அது நல்ல கருவி. அதைப் போட்டுவிட்டு 'சூரிய எரிபொருள்' என்று பெயர் வைப்பதில்தான் எனக்குச் சண்டை. நீரிலிருந்து எலக்ட்ரானை எடுக்க +0.82 வோல்ட் வேண்டும், ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுக்கு நான்கு எலக்ட்ரான், அதுதான் மலை. ட்ரைஎத்தனோலமைன் தானாகவே எலக்ட்ரானை நீட்டிவிட்டுச் சிதைந்து போகிறது, துளையை ஆற்றுகிறது, அதனால்தான் அதற்குப் பலிப்பொருள் என்று பெயர். ஒரு குட்டி கார்பன் மோனாக்சைடுக்காக அதைவிட மதிப்பான ஒரு வேதிப்பொருளை எரிக்கிறோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

டோக்கியோ தொழில்நுட்பக் கழகக் குழு 2016இல் செய்தது நினைவிருக்கிறதா? வெள்ளி ஏற்றிய கார்பன் நைட்ரைடு, அதன்மேல் இரட்டை ருத்தேனியம் அணைவுச் சேர்மம். ஒரு மூலக்கூறு 33,000 தடவைக்கு மேல் வேலை செய்து ஃபார்மிக் அமிலம் கொடுத்தது. கலப்பினம் நீடித்து உழைக்கும் என்பதற்கு அழகான சான்று, நான் எத்தனையோ முறை வகுப்பில் காட்டியிருக்கிறேன். ஆனால் அங்கேயும் எலக்ட்ரானுக்கான கூலியைக் கொடுத்தது நீர் அல்ல, பலிப்பொருள்.

இலைமறைகாய்

நீரே கூலி கொடுத்த கலப்பினங்களும் உண்டே, அவற்றையும் சொல்லுங்கள். 2011இல் டொயோட்டாவின் ஆய்வகம் இந்தியம் பாஸ்பைடின் மேல் ருத்தேனியம் பாலிமரை ஏற்றி, மறுபக்கம் டைட்டானியம் டை ஆக்சைடை வைத்து, நீரையும் கரியமில வாயுவையும் மட்டும் கொண்டு ஃபார்மேட் எடுத்தது. திறன் (விழுந்த வெயிலில் எரிபொருளாகச் சேர்ந்த பங்கு) 0.04 சதவீதம்தான். 2020இல் கேம்பிரிட்ஜ் குழு இரண்டு வகைத் தூளை ஒரே தங்கப் படலத்தில் பதித்து ஒரு தகடாகச் செய்தது. ஒரு தூள் நீரிலிருந்து எலக்ட்ரானை எடுக்கும், தங்கம் கடத்தும், மற்றத் தூளின் மேல் கோபால்ட் மூலக்கூறு உட்கார்ந்து ஃபார்மேட் ஆக்கும். கம்பி இல்லை, வெளி மின்சாரம் இல்லை, பலிப்பொருள் இல்லை. திறன் 0.08 சதவீதம், விளைபொருளில் 97 சதவீதம் ஃபார்மேட்.

நான் உயிரியல் பக்கம் இருந்து வருவதால் எனக்குப் பிடித்தது வேறு: 2016இல் மூரெல்லா என்ற பாக்டீரியாவுக்குக் காட்மியம் கொடுத்தார்கள், அது தன் உடம்பின்மேல் தானே காட்மியம் சல்ஃபைடு துகள்களை வளர்த்துக்கொண்டு, ஒளியில் அசெட்டேட் செய்தது. ஒளி பிடிக்கத் தெரியாத ஒரு பாக்டீரியா, ஒளி பிடிக்கும் சட்டையைத் தானே தைத்துப் போட்டுக்கொண்ட மாதிரி.

பழையகுடுவை

அழகுதான். அதற்கும் பலிப்பொருளாகச் சிஸ்டீன் கொடுத்தார்கள், அதையும் சொல்லிவிடுங்கள்.

இலைமறைகாய்

சொல்லத்தான் இருந்தேன் :)

தகடுதான்வழி

எல்லாம் சரி, நான் ஒரு அபசகுனமான கேள்வி கேட்கிறேன். 0.08 சதவீதத்துக்கு ஏன் இத்தனை பேர் வாழ்க்கையைக் கொடுக்கிறீர்கள்? சூரிய மின்தகட்டை மின்பகுப்புக் கலத்தோடு கம்பியால் இணைத்து, 2017இலேயே சுவிட்சர்லாந்தின் லோசான் குழு கார்பன் மோனாக்சைடுக்கு 13.4 சதவீதம் எடுத்துவிட்டது. நூறு மடங்குக்கும் மேல். தூளைக் கரைசலில் கலக்குவது ஆய்வுக்கட்டுரைக்கு நல்லது, எரிபொருளுக்கு அல்ல.

கணக்குப்பிள்ளை

கணக்கு உங்கள் பக்கம்தான் இருக்கிறது, மறைக்கமாட்டேன். 0.08 சதவீதத் தகடு ஒரு சதுர மீட்டர், உச்சி வெயில் 1000 வாட், நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சமமான வெயில் என்று வைத்தால், சேமிப்பது 14.4 கிலோஜூல். ஒரு மோல் ஃபார்மிக் அமிலத்துக்கு 270 கிலோஜூல் ஆகும். ஆக நாளுக்கு இரண்டரை கிராம் கிடைக்கும். ஃபார்மிக் அமிலத்தின் எரிசக்தியும் எடைக்கு எடை பெட்ரோலில் எட்டில் ஒரு பங்குதான். கொஞ்சம் சோகமாகத்தான் இருக்கிறது.

செனான்விளக்கு

எனக்கு இந்த ஒப்பீடு ஏற்பில்லை. அந்த 13.4இல் மூன்று அடுக்குச் சூரியக் கலம் இருக்கிறது, விண்கலங்களில் போடும் ரகம். மின்பகுப்புக் கலத்திலும் எல்லாம் சுமுகமில்லை. காரக் கரைசலில் உள்ளே விடும் கரியமில வாயுவில் பெரும்பகுதி கார்பனேட்டாக மாறி மறுபக்கம் போய்விடுகிறது, அதைத் திரும்ப எடுக்கத் தனிச் செலவு. தூளின் கவர்ச்சி எளிமையில் இருக்கிறது: பூசினால் போதும், கம்பி வேண்டாம், இன்வெர்ட்டர் வேண்டாம். 0.08 என்பது 2020இல். 1 சதவீதம் தொட்டால் பயிர்களுக்குச் சமம், அதுவும் நல்ல நிலம், பாசனம் இல்லாமல்.

தகடுதான்வழி

'தொட்டால்' என்று நான் மாணவனாக இருந்தபோதும் சொன்னார்கள். அந்தத் தகட்டில் தங்கம், ரோடியம், ருத்தேனியம் மூன்றும் இருக்கின்றன, பூசினால் போதும் என்கிறீர்கள்.

செனான்விளக்கு

சரி, அந்த அடி பட்டது. தங்கத்தைக் கார்பனால் மாற்ற முடியுமா என்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்தத் தகட்டில் அது தங்கம்தான். மீதியில் நான் உடன்படமாட்டேன், இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம்.

மஞ்சள்தூள்

மூன்று நாள் கழித்து வருகிறேன். ஆர்கானில் ஓட்டினேன். மீத்தேன் பீக் முன்பு வந்ததில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே வந்தது. கார்பன் மோனாக்சைடு மட்டும் காணோம்.

இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன், அதே கதை. நேற்று ஆய்வகத்தில் யாரிடமும் பேசவில்லை.

பழையகுடுவை

நல்ல சேதி தம்பி, நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. ஆர்கானில் கார்பன் மோனாக்சைடு *வரவில்லை*. அந்தச் சின்ன பீக்தான் உங்களுடையது. பெரிய பீக்கைப் பார்த்து மயங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

2010இல் நெதர்லாந்துக் குழு ஒன்று செம்பு ஏற்றிய டைட்டானியம் டை ஆக்சைடில் இதையேதான் காட்டியது. கார்பன் 13 (சாதாரணக் கார்பன் 12ஐ விடக் கொஞ்சம் கனமான கார்பன்) போட்ட கரியமில வாயுவை விட்டால், வந்த கார்பன் மோனாக்சைடில் பெரும்பகுதி சாதாரணக் கார்பன் 12. தயாரிப்பின்போது தூளின் மேல் மிஞ்சிய கரிமக் கழிவுதான் உடைந்து வந்தது. அதற்கு முன்னால் எத்தனை கட்டுரைகள் இந்தச் சோதனை இல்லாமல் வந்தன என்று யோசித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், அதில் ஒன்று என்னுடையது.

அடுத்தது கார்பன் 13. சிலிண்டர் விலை அதிகம் என்று சொல்வார்கள், சின்ன அளவு போதும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (மூலக்கூறுகளை நிறைப்படி பிரித்துக் காட்டும் கருவி) பார்க்கும்போது கவனம்: சாதாரணக் கார்பன் மோனாக்சைடு நிறை 28 (கார்பன் 13 போட்டது 29), காற்றில் உள்ள நைட்ரஜனும் 28. குடுவை கொஞ்சம் கசிந்தாலும் 28 வானத்தைத் தொடும், அதில் ஒரு துளி 29உம் இருக்கும். அதற்கு முன்னால் உள்ள ஜிசி குழாய் இரண்டையும் நேர இடைவெளியில் பிரிக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கார்பன் 13 மீத்தேனுக்கு 17 வர வேண்டும், ஆனால் நீராவியும் உடைந்து 17 கொடுக்கும். சாதாரண மீத்தேனுக்கு 16ஐ விட 15ஐ நம்புங்கள்.

இலைமறைகாய்

திரவப் பக்கமும் பாருங்கள். யாராவது 'கரைப்பானை டி.எம்.எஃப். (டைமெத்தில் ஃபார்மமைடு) ஆக மாற்று, ஃபார்மேட் கொட்டும்' என்று சொன்னால் கேட்காதீர்கள். டி.எம்.எஃப். நீரில் தானாகவே சிதைந்து ஃபார்மேட் கொடுக்கும், ஒளியும் வேண்டாம், தூளும் வேண்டாம். ஒரு மாதிரியை இருட்டில் வைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

மஞ்சள்தூள்

பதினெட்டு நாளாயிற்று, இழை உயிரோடு இருக்கிறதா? பக்கத்து ஆய்வகத்தில் கார்பன் 13 சிலிண்டரில் மிச்சம் இருந்தது, கெஞ்சி வாங்கினேன்.

கார்பன் மோனாக்சைடு: 29 தெளிவாக வந்தது, நைட்ரஜனிலிருந்து ஒரு நிமிடத்துக்கும் மேல் தள்ளி, தனி பீக்காக. 28 கொஞ்சம் இருக்கிறது, ஆனால் 29தான் பெரியது. மீத்தேன்: 15உம் 16உம் மட்டும், 17இல் நீர் வரும் அளவுக்கு மேல் ஒன்றும் இல்லை. ஆக கோபால்ட் கார்பன் மோனாக்சைடு செய்கிறது, மீத்தேன் யாரோ விருந்தாளி. அளவு நான்கு மணி நேரத்துக்கு 0.1 மைக்ரோமோல் கூட இல்லை, ஆனால் அது கரியமில வாயுவிலிருந்து வந்தது என்று இப்போது சத்தியம் செய்ய முடியும்.

அப்புறம் மூடியின் கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டு, ரப்பர் அடைப்பானையும் மாற்றி ஆர்கானில் ஓட்டினேன். மீத்தேன் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை. ட்ரைஎத்தனோலமைனை எடுத்தாலும் கொஞ்சம் வருகிறது.

பழையகுடுவை

யூரியாவைச் சுட்ட பிறகு அந்தத் தூளைக் கழுவினீர்களா?

மஞ்சள்தூள்

இல்லை ஐயா. சுட்டேன், அரைத்தேன், அப்படியே போட்டேன்.

பழையகுடுவை

வெந்நீரில் இரண்டு தடவை, நீர்த்த அமிலத்தில் ஒரு தடவை, மறுபடி நீரில். காயவைத்து, அணைவுச் சேர்மம் ஏற்றாமல், ஆர்கானில் வெறும் தூளை ஓட்டுங்கள். வெள்ளிக்கிழமை சொல்லுங்கள்.